கறுப்பு அலுமாரிக்குள் ஒரு "ஓம்"

முல்லைத்தீவிலிருந்து புறப்பட்ட பஸ், தண்ணீரூற்றுச் சந்தியை எட்டியதும் இருமிக்கொண்டே நின்றுபோனது. சாரதி இறங்கி முன்மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு சால்வையை உதறி விரித்து மரநிழலில் படுத்துவிட்டார். அதிலிருந்தே எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

"பின்னேரம் வேற பஸ் வரும். வராட்டி இதுவே எழும்பிப் போகும்," என்றார் கொண்டக்டர்.

சிவனேஸ்வரி கோயில் பிரசாதப் பையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்துவிட்டாள். அவளுடைய கணவன் பரமலிங்கத்தால் அப்படி இருக்க முடியவில்லை. கண்டாவளையில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்துகிற மனிதன் அவன். கையில் கழற்ற ஏதும் இல்லாவிட்டால் கால் பரபரக்கும். சந்திக்கும் பஸ்ஸுக்குமாக நடந்தான். அனல்காற்று புழுதியை அள்ளி எறிந்தது. எங்கோ ஒரு தகரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சேரும், இஞ்சை வந்து பாரும்!" என்று அவன் கையைக் காட்டினான்.

பழைய நெற்களஞ்சியம் போன்ற ஒரு கட்டடம். வாசலில் பலகை: 'வீரகத்தியின் மாயாஜாலக் காட்சிச்சாலை. உள்ளே வந்து பார்க்கலாம்.'

"பூட்டுக்கிடக்குப் போல," என்றாள் சிவனேஸ்வரி. அவளுக்கு ஏனோ போக மனமில்லை.

கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளே வெயில் செத்துப்போயிருந்தது. பூச்சி உருண்டையும் பழைய பட்டுத் துணியும் கலந்த மணம். சுவரெல்லாம் நிறம் மங்கிய விளம்பரத் தாள்கள். தலைப்பாகை கட்டிய ஒரு மனிதர் ஒவ்வொன்றிலும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அடிப்பாகம் இல்லாத கூடு, முனை மடங்கும் வாள், நிறம் மாறும் லேஞ்சித் துணிகள், பேசும் மண்டையோடு. பரமலிங்கம் ஒவ்வொன்றுக்கும் குனிந்து, "இதுக்குள்ளை வில்லு இருக்கு," "இது இரட்டைத் தட்டு," என்று சொல்லிச் சிரித்தான்.

"தம்பி எஞ்சின் வேலை செய்யிறவரோ?"

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மெலிந்த ஒரு அம்மா நின்றார். நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது.

"நான் அன்னபாக்கியம். இதெல்லாம் என்ரை மனிசன்ரை சாமான்தான். வடிவாப் பாருங்கோ. அந்த அலுமாரியிலை மட்டும் கை வைக்காதேங்கோ."

மண்டபத்தின் கோடியில், சுவரைத் தொடாமல், ஆள் உயரத்தில் ஒரு கறுப்பு அலுமாரி நின்றது.

"அதென்ன வித்தை, அம்மா?"

"உள்ளுக்கை போனால் ஆள் மறைஞ்சிடும். வெளியிலை நிக்கிறவை பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வரும்." அம்மா அதற்குமேல் பேச விரும்பாதவர் போலக் கையைத் துடைத்தார். "வெயிலுக்கை வந்திருக்கிறியள். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

அவர் குசினிப் பக்கம் போய் மறைந்ததும் பரமலிங்கத்தின் கண்கள் மின்னின. சிவனேஸ்வரிக்கு அந்த மின்னல் பழக்கமானது.

"வேண்டாம். அவா சொன்னவா எல்லே?"

"ஒரு முகக்கண்ணாடியைச் சரிவா நிப்பாட்டிக் கிடக்கும். அதுக்குப் பின்னாலை ஆள் நிக்கும். வேற ஒண்டுமில்லை." அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினான். "கதவைச் சாத்தும். இண்டைக்கு விடமாட்டன். என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டால்தான் வருவன்."

அது அவர்களுக்குள் கலியாணம் ஆன நாளிலிருந்து நடக்கும் விளையாட்டு. கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று கேட்டே வளர்ந்தவள் அவள். குடிசன மதிப்புக்கு வந்தவர் கேட்டபோதுகூட அடுத்த வீட்டு விமலேஸ்வரியைத்தான் கூப்பிட்டுச் சொல்லவைத்தாள். பரமலிங்கம் கிச்சுக்கிச்சு மூட்டியும் பார்த்தான், கோபித்தும் பார்த்தான். அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததேயில்லை.

"பகிடி விடாமல் இறங்குங்கோ."

கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

சற்றுப் பொறுத்து அவள் திறந்தாள். வெறுமை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவன் அடக்கிய சிரிப்பு கேட்டது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. கதவை மறுபடி சாத்திவிட்டு, எல்லா வீடுகளிலும் எல்லாப் பெண்களும் கணவனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ!"

சிரிப்பு நின்றது.

"இஞ்சேருங்கோ, வெளியிலை வாங்கோ!"

உள்ளே எதுவோ அசைந்தது. நெடுநாள் நித்திரையிலிருந்து எழும்புகிறவர் தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"ஓம்."

ஆமென்ற அந்தக் குரல் பரமலிங்கத்தினது அல்ல.

"ஓம்... வாறன்."

குரலை மாற்றிப் பேசிப் பயமுறுத்துகிறான் என்றுதான் நினைத்தாள். கதவை இழுத்துத் திறந்தாள். கண்ணாடியை அவள் தள்ளியதும் அது இலேசாகத் திரும்பியது. பின்னால் மரப்பலகை. பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு மனிதன் நிற்கத்தக்க இடம்.

அங்கே ஒருவரும் இல்லை.

அலுமாரியைச் சுற்றி ஓடினாள். பின்புறம் கதவில்லை. குனிந்து பார்த்தாள்; அடியில் தரை தெரிந்தது. பலகையைத் தட்டினாள், உதைத்தாள். அது சாதாரண மரம் போலவே சத்தமிட்டது. மண்டபத்தின் ஒரு கோடிக்கு ஓடினாள், மறு கோடிக்கு ஓடினாள். எங்கே நின்றாலும் அந்தத் தலைப்பாகை மனிதர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, பிள்ளை!"

அன்னபாக்கியம் தேநீர்த் தட்டுடன் நின்றார். அவருடைய கண்கள் அலுமாரியின் முன் கிடந்த செருப்பில் இருந்தன.

"நீ என்னெண்டு கூப்பிட்டனி?"

"இஞ்சேருங்கோ எண்டு..."

அம்மா தட்டோடு தரையில் இருந்துவிட்டார்.

"நானும் அப்பிடித்தான் கூப்பிட்டனான்," என்றார் மெல்ல. "மேடையிலை வழமையாக் கூப்பிடுற பெட்டைக்கு அண்டைக்குக் காய்ச்சல். அவளின்ரை இடத்திலை என்னை நிப்பாட்டினவர். சனம் நிறைஞ்சு போய் இருக்குது. அத்தினை பேருக்கு முன்னாலை மனிசன்ரை பேரை என்னெண்டு சொல்லுறது? இஞ்சேருங்கோ எண்டன். ஓம் எண்டார். ஆள் வரேல்லை."

"பிறகு பேரைச் சொல்லிக் கூப்பிடேல்லையோ?"

"பயந்து பயந்து, பிந்தித்தான் சொன்னனான். அதுக்குள்ளை அவருக்குத் தன்ரை பேர் மறந்துபோச்சு, பிள்ளை. இப்ப இஞ்சேருங்கோ எண்டால் மட்டும்தான் கேக்குது. கூப்பிட்டால் ஓம் எண்டுவார். அதுக்காகத்தான் நான் இந்த வீட்டை விட்டுப் போகாமல் கிடக்கிறன்." திடீரென்று அம்மா சிவனேஸ்வரியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "அழாதை! உன்ரை மனிசன் மறக்க முதல் கூப்பிடு! கெதியாக் கூப்பிடு!"

சிவனேஸ்வரி வாயைத் திறந்தாள்.

சொன்னால் ஆயுள் குறையும். சொல்லாவிட்டால் ஆளே இல்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெயர் முள்ளுப்போலத் தொண்டையில் நின்றது.

"ப..."

அலுமாரிக்குள் யாரோ நடந்தார்கள். காலடி கிட்ட வரவில்லை. தூரப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சிறிய பெட்டிக்குள் எவ்வளவு தூரம் போகமுடியும்? போய்க்கொண்டே இருந்தது.

"பர..."

"சத்தமாச் சொல்லடி!"

இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டு, கண்களை இறுக மூடி, சிவனேஸ்வரி அலறினாள்:

"பரமலிங்கம்!"

காலடி நின்றது.

"பரமலிங்கம்! பரமலிங்கம்! பரமலிங்கம்!"

கதவு திறந்தது. பரமலிங்கம் இறங்கினான். முகம் வேர்த்திருந்தது, ஆனாலும் சிரித்தான்.

"வெண்டிட்டன்! சொல்ல வைச்சிட்டன் எல்லே? ஆனா உள்ளுக்கை சரியான இருட்டப்பா. வழி தெரியேல்லை. நல்லவேளை, நீர் கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தனீர்."

அவனுடைய வலக்கை பின்னால் நீண்டிருந்தது, யாரையோ கூட்டிவருகிறவனைப்போல. விரல்கள் இப்போதுதான் விரிந்தன.

சிவனேஸ்வரியின் கைகள் இன்னும் அவளுடைய காதுகளில் இருந்தன.

அவள் கைகளை இறக்கி, அவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பின்னால் அன்னபாக்கியம் அலுமாரிக்குள் தலையை விட்டுக் கூப்பிடுவது கேட்டது.

"இஞ்சேருங்கோ."

பதில் இல்லை.

"இஞ்சேருங்கோ... ஏன் பேசாமல் நிக்கிறியள்?"

சந்தியில் புதிய பஸ் வந்து நின்றது. செருப்பை எடுக்கவேண்டும் என்று பரமலிங்கம் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. ஏறி இருந்ததும்தான் திரும்பிப் பார்த்தாள். புழுதிக்குள் அன்னபாக்கியம் ஓடிவந்துகொண்டிருந்தார். தலைமயிர் அவிழ்ந்து, சேலை ஒரு பக்கம் இழுபட, பஸ்ஸைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"இஞ்சேருங்கோ! என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ! இஞ்சேருங்கோ!"

பஸ்ஸில் இருந்த கலியாணம் கட்டிய ஆண்கள் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். "பாவம், விசராக்கும்," என்றார் கொண்டக்டர். சாரதி வேகம் கொடுத்தார். யாராவது அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னார்களோ என்னவோ, எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை.

கண்டாவளைக்கு வந்த பிறகு சிவனேஸ்வரி கணவனைப் பெயர் சொல்லியே கூப்பிட்டாள். குசினியிலிருந்தும் பெயர், கிணற்றடியிலிருந்தும் பெயர். பரமலிங்கம் முதலில் பூரித்தான், பிறகு கூசினான்.

"ஆக்களுக்கு முன்னாலையாவது விடுமப்பா. நானும் எத்தினை நாளைக்கு நெளியிறது?"

அவள் விடவில்லை. அவர்கள் இருந்த குடியேற்றத் திட்டம் முழுவதும் இதுவே கதையாயிற்று. விமலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"என்னடி, கொழும்புக்காரி ஆகிட்டியோ? இனிச் சட்டைக்காரியள் மாதிரி டார்லிங் எண்டும் கூப்பிடுவியோ?"

"நீயும் பேரைச் சொல்லிக் கூப்பிடு, விமலா," என்றாள் சிவனேஸ்வரி.

"சீ, வெக்கங்கெட்டவளே!" விமலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காரணத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டில் ஒன்றும் நடக்கவுமில்லை. ஆனாலும் அவளால் ஓரிடத்தில் ஆறியிருக்க முடியவில்லை. அறைக்குள் போனால் முற்றத்துக்கு வருவாள். முற்றத்தில் நின்றால் அறையைத் திரும்பிப் பார்ப்பாள். சில வேளைகளில் பூச்சி உருண்டை மணம் வந்ததுபோல இருக்கும். பெட்டியைத் திறந்து சேலைகளை உதறிப் பார்ப்பாள். அவர்கள் வீட்டில் பூச்சி உருண்டையே கிடையாது.

ஒரு நாள் மத்தியானம். பரமலிங்கம் சாப்பிட இருந்தான். வயலில் அரிவு வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. சிவனேஸ்வரி குழம்புச் சட்டியோடு அவன் முன்னால் குந்தியிருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் விமலேஸ்வரியின் குரல் எழுந்தது. வயலில் நின்ற கணவன் இளையதம்பியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ, வாங்கோ!"

"ஓம்."

குரல் சிவனேஸ்வரியின் வீட்டு அறைக்குள்ளிருந்து வந்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் வாய் நிறையச் சோறு. மெல்லுவதை நிறுத்திவிட்டு, அறைக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம்... வாறன்."

கதவுத் துணி விலகிற்று. முற்றத்துப் புழுதியில் காலடி ஒன்றும் பதியவில்லை. ஆனால் வேலிக் கிடுகு ஆள் நுழையும் அளவுக்கு அகன்று, மெல்ல மூடிக்கொண்டது.

சிவனேஸ்வரி எழும்பி ஓடினாள். வேலிக்கு மேலால் பார்த்தாள். விமலேஸ்வரி வாசலில் முதுகு காட்டி நின்று, கண்மேல் கையை வைத்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில், வெட்டிய கதிர்களுக்கு நடுவே, இளையதம்பி இப்போதுதான் கூப்பிட்டது கேட்டு நிமிர்ந்தார்.

விமலேஸ்வரியின் மற்றக் கை பக்கவாட்டில் மெல்ல உயர்ந்தது.

"எப்ப வந்தனீங்கள்?" அவள் திரும்பாமலே வெட்கத்தோடு சிரித்தாள். "கையை விடுங்கோ... ஆக்கள் பாக்கினம்."