கல் என்ன அளவு

மூடுபனி இறங்கிய பிற்பகலில் வாசலைவிட்டுப் பத்தடி நடந்ததுமே கெசையாவுக்குக் காலடி உறுத்தியது. அவள் வீட்டுக்கு நேரே கடற்கரைக் கற்கள் கோழிமுட்டை அளவு இருக்கும். மேற்கே போகப்போகச் சிறுத்துப் பட்டாணியாகும். கிழக்கே பெருத்துப் பெருத்துப் பாறையில் முடியும். அலை பிரித்து அடுக்கிய வரிசை அது. இன்று வாசலுக்கு நேரே பட்டாணி.

நேற்றைய பேரலை பெரிய கல்லையெல்லாம் உள்ளே இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் கணவன் ஆமஸ் இன்னும் கடலில் இருக்கிறான். பனி விழுந்தால் பெண்கள் கரையோடு மைல் கணக்கில் நடந்து குரல் கொடுப்பார்கள். படகுக்காரன் கல்லின் அளவைக் கேட்டு வழி பிடிப்பான். பட்டாணி என்றால், வீடு கிழக்கே என்று நினைத்துப் பாறைக்கே போய்விடுவான்.

கடல் ஓதம் வற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அலையும் பின்வாங்கும்போது ஆயிரம் கற்கள் ஒன்றையொன்று உரசிச் சரிந்து, நீளமாகச் சீறி, அழுகிய பாசியின் வாடையை மேலே தள்ளின.

"கெசையா. கல்லு என்ன அளவு?"

ஆமஸின் குரல். மிக அருகில்.

"பட்டாணி தான் கெடக்கு, அத நம்பாத. நம்ம வீட்டுக்கு எதிரேதான் நிக்கிறேன். நேரா வா."

துடுப்புச் சத்தம் இல்லை. சீறலும் நின்றிருந்தது. அலை வந்தது, போனது. கற்கள் அசையவில்லை.

"ஆமஸ்? பேசித் தொலையேன்."

வெகு தொலைவில் ஒரு இருமல் கேட்டது. ஆமஸின் புகையிலை இருமல்.

"அடியே கெசையா, இருக்கியா? கல்லு என்ன அளவுடி? காலையில ஒரு முட்டை அவிச்சுப் போட்டியே, இன்னும் பல்லு ஆடுது, அந்த அளவா?"

அப்படியென்றால், முன்பு கேட்டது?

கத்த வாயைத் திறந்தாள். கால் புதைந்தது. கணுக்கால். முழங்கால். கற்கள் சத்தமில்லாமல் மேட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. நாக்கின்மேல் ஏதோ குளிர்ந்தது. உப்பு. வழவழப்பு. ஒன்று. பிறகு வாய் நிறைய.

நீரோரத்திலிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள். கெசையாவின் குரலில்.

"பட்டாணி தான், ஆமஸ். வீடு கிழக்கே இருக்கு."

"என்னைத் தேடி அவ்ளோ தூரமா நடந்த?" அவன் சிரித்தான். "கிறுக்கி. வீட்டுக்குப் போ, நான் வந்துடுறேன்."

துடுப்புகள் கிழக்கே திரும்பின.