மூடாத பாத்திரங்கள்

வீட்டுக் கதவைத் திறந்ததும் தையல்காரன் முதலில் கவனித்தது வாசனையைத்தான். அவன் வீட்டில் பகலிலும் கொசுவத்தி புகைந்துகொண்டிருக்கும். வந்த விருந்தாளிகள் இருமிக்கொண்டேதான் விடைபெறுவார்கள். இன்று புகை இல்லை. அதற்குப் பதிலாக, தண்ணீர் மாற்றாத பூ ஜாடியின் வாடை, சமையலறையைத் தாண்டி, மகளின் அறைக் கதவுக்கு அடியிலிருந்து மெல்லக் கசிந்து வந்தது. பக்கத்து வீட்டு முற்றத்தில் தவழப் பழகும் குழந்தை கெக்கலித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மகள் போனதிலிருந்து அந்த அறையை அவன் திறந்ததே இல்லை.

அவன் மனைவி சுகாதாரப் பணியாளர். தெருவுக்கே ‘கொசு டீச்சர்’. எந்த வீட்டிலும் உரிமையோடு நுழைந்து, ஃப்ரிட்ஜின் பின்தட்டு, மொட்டைமாடி டயர் என்று தேடித் தேடிக் கவிழ்ப்பாள். வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அதனால் கொசுப்புழு நெளியும் ஒரு பாட்டிலை, வாயில் வலைத்துணி கட்டிக் கையோடு வைத்திருப்பாள். அதைக் கண்ணெதிரே ஆட்டினால் எப்பேர்ப்பட்ட சோம்பேறியும் எழுந்து வாளியைக் கவிழ்த்துவிடுவான்.

வேலை முடிந்ததும் பாட்டிலைக் கொட்டிவிட வேண்டும். மறுநாளும் யார் புழு தேடி அலைவது என்று அலுத்துப்போய், ஒருநாள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். “அதுக்கு மூச்சு முட்டாதாம்மா?” என்று கேட்ட மகள், வாலு என்றே எல்லோரும் கூப்பிட்ட மகள், அம்மா பார்க்காத நேரத்தில் வலையை அவிழ்த்துவிட்டாள். புழுவெல்லாம் கொசுவாகிப் பறந்தன. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அப்போது டெங்கு. அவரைக் கடித்த கொசு வாலுவையும் கடித்தது. பிள்ளை தங்கவில்லை.

‘ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.’ துக்கம் கேட்க வந்த யாரோ ஒருத்தி முணுமுணுத்தது மனைவியின் காதில் விழுந்துவிட்டது. அன்றோடு அவள் பேச்சும் நின்றது.

கதவைத் தள்ளினான்.

காதில் விழுந்த இரைச்சலை முதலில் தூரத்தில் ஓடும் தையல் மெஷின் என்றே நினைத்தான். அறைக்குள்தான் இருந்தது. வாலுவின் தண்ணீர் பாட்டில், சொப்புச் சாமான், சின்ன வாளி, மழைக்காலக் காலணி இரண்டும்கூட, எல்லாவற்றிலும் விளிம்புவரை தண்ணீர். ஒன்றுக்கும் மூடி இல்லை. கட்டிலில் மனைவி கைகளை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை கறுப்புக் கறுப்பாக அப்பியிருந்தது. அது அசைந்தது.

“கதவைச் சாத்துங்க. பறந்துடப் போகுது.”

நெற்றியைத் தொட்டான். கொதித்தது.

“என்னடி பண்ணி வச்சிருக்க? எல்லாத்தையும் கொட்டுடி!”

“நம்ம வாலு ரத்தத்தைக் குடிச்சுத்தானே அது முட்டை போட்டுச்சு. அதோட வம்சங்க இதெல்லாம். அவ ரத்தம் வேற எங்கங்க மிச்சம் இருக்கு?”

தெருவில் விழிப்புணர்வு வண்டி வந்தது. ஒலிபெருக்கியில் அவள் குரல், மகள் இருந்தபோது பதிவு செய்தது. “தாய்மார்களே, தண்ணீரைத் தேங்க விடாதீர்கள். உங்கள் குழந்தையின் உயிர் உங்கள் கையில்.” கட்டிலில் இருந்தவளின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன.

வாளியைத் தூக்கினான். கொட்டிவிடலாம். இப்போதே.

காதோரம் ஒன்று வந்தது. மெல்லிய ரீங்காரம். நின்றது. மறுபடி வந்தது.

‘ப்பா.’

இல்லை. கொசுதான்.

‘ப்பா.’

வாலு அப்படித்தான் கூப்பிடுவாள். முதல் எழுத்தை விழுங்கிவிட்டு.

ஜன்னல் திறந்து கிடந்தது. அதையாவது சாத்த வேண்டும். அந்தப் பக்கம் பச்சைக் குழந்தை இருக்கிறது. தெரியும். நன்றாகத் தெரியும். சாத்தினால் சத்தம் கேட்டு வாலு பயந்துவிடுவாளே.

வாளியைத் தண்ணீர் சிந்தாமல் கீழே வைத்தான். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டான்.

ரீங்காரம் எழும்பியது. சுவரோரமாக, ஒரு கொத்தாக, ஜன்னல் பக்கம் நகர்ந்தது. அறையில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

முற்றத்தில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை வீலென்று கத்தியது.

“விளையாடப் போயிருக்கா,” என்றாள் மனைவி. “பசிச்சா வந்துடுவா.”

இருவரும் கைகளை நீட்டியபடி காத்திருந்தார்கள்.