டிராக்டரில் வந்த டீம்

சிவசங்கரிக்குப் பதினொரு வயது. இதுவரை அவள் ஒன்பது கோல் போட்டிருக்கிறாள். அந்த ஒன்பதில் ஒன்றைக்கூட அவளுடைய அம்மா ராமலட்சுமி பார்த்ததில்லை.

பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. மேட்ச் எல்லாம் அடிமாலியிலோ தொடுபுழையிலோ நடக்கும். வாடகை ஜீப்பில் பத்துப் பிள்ளைகளும் பயிற்சியாளர் ஷிஜு சாரும் ஏறினால் மூச்சு விடவே இடம் இருக்காது. அம்மா எங்கே ஏறுவது?

பள்ளிவாசலுக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டின் ஒரு பகுதியான ஒத்தமரம் டிவிஷன்தான் அவர்கள் ஊர். அங்கே ஒரு கால்பந்து கிளப் உண்டு. பெயர் என்னவோ ‘ஒத்தமரம் யுனைடெட்’ என்று பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் மாவட்ட லீக்கில் கடைசிப் பிரிவு. அந்தப் பிரிவிலும் கடைசிக்கு முந்தின இடம்.

கிளப்பின் சிறுவர் அணிக்கு ஏழு ஜோடி பூட்ஸ் இருந்தது. ஆடுகிறவர்கள் பத்துப் பேர். ஓர் அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம் என்பதால் தப்பித்தார்கள். ஆள் மாற்ற வேண்டுமென்றால், வெளியே வருகிறவர் பூட்ஸைக் கழற்றி உள்ளே போகிறவருக்குக் கொடுப்பார். அருண்பாண்டியின் கால் மட்டும் மிகப் பெரியது. அவன் பூட்ஸ் வேறு யாருக்கும் சேராது. அதனால் அவனை மாற்றவே முடியாது. அவன்தான் நிரந்தர கோல்கீப்பர்.

இந்த வருடம் சிறுவர் கோப்பைக்குப் பெரிய கிளப், சின்ன கிளப் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சீட்டுக் குலுக்கினார்கள். கால் இறுதியில் ஒத்தமரத்துக்கு எதிராக யார் வந்தார்கள் தெரியுமா? கொச்சியின் கிரீன் ஹார்பர் கிளப்பின் சிறுவர் அணி! கிரீன் ஹார்பரின் பெரியவர்கள் அணி முதல் பிரிவில் ஆடுகிறது. டிவியில் வருகிறது.

“அவங்களுக்குப் பூட்ஸ் தொடைக்கவே தனியா ஒரு ஆளு இருக்காராம்ல” என்றான் ஈஸ்வரன்.

“நமக்குத் தொடைக்கிறதுக்குப் பூட்ஸே இல்ல” என்றான் அருண்பாண்டி.

சிவசங்கரியின் காதில் இதெல்லாம் ஏறவில்லை. சீட்டில் இன்னொன்றும் எழுதியிருந்தது. மேட்ச் நடக்கும் இடம்: ஒத்தமரம் மைதானம். நாள்: ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு லீவு!

அந்தச் சந்தோஷம் இரண்டே நாள்தான். கோப்பைக் கமிட்டியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மைதானத்தில் இரண்டு கோலுக்கும் வலை இருக்க வேண்டும். விருந்தாளி அணிக்கு உடை மாற்றத் தனி அறை வேண்டும். சனிக்கிழமைக்குள் இவை தயாராகாவிட்டால் மேட்ச் கொச்சிக்கு மாற்றப்படும்.

ஷிஜு சார் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “கொச்சிக்கு ஜீப் வாடகை கொடுக்க முடியாது மோளே. வலை வாங்கவும் கிளப்பில் பணம் இல்ல. கிரீன் ஹார்பருக்கு இதெல்லாம் தூசு. நமக்கு இது மலை.”

அன்று சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து, பறித்த தேயிலைக் கொழுந்தை மூட்டை கட்டும் நைலான் வலையை உதறிக் காயப்போட்டாள். சிவசங்கரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இது கிழிஞ்சுட்டா என்ன பண்ணுவ?”

“அவரைக்கொடி ஏத்துவேன். எதுக்குட்டி கேக்க?”

“லயத்துல எல்லாருட்டயும் பழசு கெடக்குமா?”

“கெடக்காம! நம்மூட்டுலயே நாலு கெடக்கு.”

அவ்வளவுதான். சிவசங்கரி லயத்து வரிசையில் வீடு வீடாகப் போனாள். எல்லா அவரைக்கொடியும் அன்று தரையில் இறங்கியது. அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தைகளும் வாசலில் உட்கார்ந்து, கிழிந்த வலைகளைச் சாக்கு ஊசியால் ஒன்றோடொன்று தைத்தார்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று நிறத்துக்கொரு துண்டு. இரண்டு நாளில் இரண்டு கோலுக்கும் வலை தயார்.

தனி அறைக்குத்தான் திண்டாட்டம். கடைசியில் சிவசங்கரி, வேலைக்குப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காப்பகத்துக்குப் போய் ஆயா ராசம்மாளைக் கெஞ்சினாள்.

“மேட்ச் பாக்க எல்லாரும் பிள்ளைகள எங்கிட்டத்தான் விட்டுட்டுப் போவாங்க” என்றாள் ஆயா. “வரட்டும். ஆனா ஒரு பிள்ளை முழிச்சுச்சு, கொச்சிக்காரனே தொட்டில் ஆட்டணும். சொல்லிப்புட்டேன்.”

சனிக்கிழமை கமிட்டிக்காரர் வந்தார். வலையை இழுத்துப் பார்த்தார். தொட்டில்களை எண்ணிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மைதானத்தின் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. அதுதான் கேலரி. டிவிஷனே அங்கே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் அம்மா, திருவிழாவுக்குக் கட்டும் புடவையில்!

மணி பத்து. மேட்ச் தொடங்கும் நேரம். ஆனால் கிரீன் ஹார்பரைக் காணோம்.

வழி காட்டுவதற்காகக் கீழே நின்றிருந்த ஈஸ்வரன், குறுக்குப் பாதையில் மூச்சிரைக்க ஓடிவந்தான். “பஸ்ஸு மாட்டிக்கிச்சு! மூணாவது கொண்டை ஊசி வளைவுல! ஏசி பஸ்ஸு, எம்மாம் நீளங்கிற! முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல!”

நடந்து வந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். நடுவர் ஜோமோள் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தரைக்குள்ள வரணும். இல்லைன்னா வாக்ஓவர். ஆடாமலே ஒத்தமரம் ஜெயிச்சாச்சு. சட்டம் அப்படித்தான்.”

அருண்பாண்டி துள்ளிக் குதித்தான். “அரை இறுதி! கொச்சி ஸ்டேடியம்! அரை இறுதின்னா கமிட்டியே பஸ் அனுப்பும், பிரியாணி போடும், நான் கடல் பாப்பேன்!”

சிவசங்கரிக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. பொய் சொல்வானேன்? அவளும் கடலைப் பார்த்ததில்லை.

அவள் சரிவைப் பார்த்தாள். அம்மா கழுத்தை நீட்டி நீட்டி, ஆட்டம் ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம டிராக்டர அனுப்புனா வந்துருவாங்க” என்றாள் சிவசங்கரி.

“உனக்குக் கிறுக்கா?” என்று கத்தினான் அருண்பாண்டி. “வலை இல்லைன்னா நம்மள விட்டுருப்பாங்களா? சட்டம்னு சொல்லிருப்பாங்கள்ல? இப்ப அவங்களுக்கும் அதே சட்டந்தான்!”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சிவசங்கரி கொஞ்சம் யோசித்தாள்.

“சரிதான்டா. ஆனா வாக்ஓவர்ல ஜெயிச்சா எங்கம்மா என்னத்தப் பாக்கும்? பந்து நடுவுல சும்மா கெடக்குறதையா? உங்கம்மாவும் அங்கதான உக்காந்திருக்கு? நீ பந்து பிடிக்கிறத ஒரு தடவயாச்சும் பாத்திருக்கா?”

அருண்பாண்டி சரிவைப் பார்த்தான். அவனுடைய அம்மா கையை ஆட்டினாள். அவன் தன் பெரிய பூட்ஸையே சிறிது நேரம் முறைத்துக்கொண்டிருந்தான்.

“கடல் எங்க போயிரப் போகுது” என்று முணுமுணுத்தான். பிறகு அவனே சரிவை நோக்கி ஓடினான். “சூசையப்பன் மாமா! டிராக்டர எடுங்க, சீக்கிரம்!”

கொழுந்து ஏற்றும் டிராக்டரை ஓட்டுகிறவர்தான் சூசையப்பன் மாமா. எஸ்டேட் ஆபீசரும் சரிவில்தான் உட்கார்ந்திருந்தார். மாமா அவரைப் பார்த்தார். டிவிஷனே அவரைப் பார்த்தது. “போய்ட்டு வாய்யா” என்றார் ஆபீசர்.

டிராக்டர் கடகடவென்று இறங்கிப் போனது.

பத்து இருபது ஆயிற்று. பத்து இருபத்தைந்து. ஜோமோள் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். பத்து இருபத்தெட்டுக்கு வளைவில் ஒரு சத்தம் கேட்டது. டிராக்டர் சத்தம் இல்லை, பாட்டுச் சத்தம்! பின்னால் இழுத்துவந்த டிரெயிலரில் கிரீன் ஹார்பர் பிள்ளைகள் எல்லோரும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வந்தார்கள். விலை உயர்ந்த சட்டையெல்லாம் தேயிலைத் தூசி. அவர்களுடைய கோச் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கும்பிட்டபடி இருந்தார்.

“இனி எல்லா மேட்சுக்கும் இதுல போகலாம் சார்!” என்றான் அவர்களுடைய கேப்டன் ஆல்பின்.

காப்பகத்தில் ஒன்பது தொட்டில்களுக்கு நடுவே அவர்கள் உடை மாற்றினார்கள். கோச் வழக்கம்போல், “பாய்ஸ்!” என்று கர்ஜிக்க வாயெடுத்தார். ராசம்மாள் உதட்டில் விரலை வைத்து ஒரு பார்வை பார்த்தாள். முதல் பிரிவு கிளப்பின் கோச், வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் திட்டம் முழுவதையும் கிசுகிசுவென்று சொல்லி முடித்தார்.

ஆட்டம் தொடங்கியது. கிரீன் ஹார்பர் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். தினமும் புல் மைதானத்தில் பயிற்சி எடுக்கிறவர்கள் அல்லவா? எட்டாவது நிமிடத்திலேயே ஆல்பின் ஒரு கோல் போட்டான். பந்து வலையில் மோதி நின்றது.

சரிவில் ஒரே ஓர் ஆள் எழுந்து நின்று கைதட்டினாள். அது அம்மா.

“யம்மா! அது அவங்க கோலு!” என்று சிவசங்கரி கத்தினாள்.

“யாரு கோலா இருந்தா என்னட்டி? தையல் பிரியல பாத்தியா!”

அதற்குப் பிறகு அருண்பாண்டி ஐந்து பந்துகளைப் பாய்ந்து பிடித்தான். ஒவ்வொரு முறையும் அவனுடைய அம்மா, “எம்மவன்! எம்மவன்!” என்று பக்கத்தில் இருந்தவர்களின் முதுகில் அடித்தாள். ஐந்தாவது பந்துக்குப் பிறகு பக்கத்தில் யாருமே இல்லை.

இரண்டாம் பாதியில் ஈஸ்வரனிடமிருந்து பந்து வந்தது. சிவசங்கரி ஒருவனைத் தாண்டினாள். இன்னொருவன் ஓடிவந்தான். கோலுக்கு எட்டடி தூரத்திலிருந்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து உதைத்தாள். பந்து கீப்பரின் விரலைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது.

சரிவே எழுந்து ஆடியது. அம்மா கைதட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றிருந்தாள். இந்த ஒரு பார்வைக்கு ஒன்பது கோலையும் சும்மாவே கொடுத்துவிடலாம் என்று சிவசங்கரிக்குத் தோன்றியது.

மேட்ச் மூன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. மூன்று அவர்களுக்கு. அருண்பாண்டி கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு இரண்டு அணியும் ஒன்றாக டிராக்டரில் இறங்கிப் போயின. பஸ்ஸைத் தள்ளித் திருப்பியதும் ஆல்பின் அவனைக் கூப்பிட்டுத் தன் சீட்டில் உட்கார வைத்தான். சாய்கிற சீட்டு! அருண்பாண்டி அதை முன்னும் பின்னுமாகப் பதினாறு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டு, எல்லோரையும் மன்னித்துவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மா அந்தக் கோலைப் பற்றிச் சொன்னாள். பந்தைப் பாதி மைதானத்திலிருந்து உதைத்ததாகச் சொன்னாள். புதன்கிழமை அது மைதானத்தின் மறு கோடியிலிருந்து உதைத்ததாக ஆயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் பந்து பக்கத்து ஊரான சித்திரபுரத்திலிருந்தே புறப்பட்டு வர ஆரம்பித்துவிட்டது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிவசங்கரி ஒரு தடவைகூட அதைத் திருத்தவில்லை.