பதினான்கு விநாடி அழைப்பு

புதுச்சத்திரத்தில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. நல்ல வெயில். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் சமையல்காரர்கள் வெங்காயம் உரித்தார்கள். இரண்டு நாளில் கல்யாணம். பயப்படுகிற மாதிரி அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் கோகுல்ராஜ் பம்பை அடித்துப் பாடுகிறவர். அவர் பாடுவதைப் போனில் எடுத்து, வெட்டி, ஒட்டி, நெட்டில் போடுவது என் வேலை. என் பெயர் சௌமியா. சேலம் அஸ்தம்பட்டியில் மாடி வீடு. ஒரு அறைச் சுவர் முழுக்க நாமக்கல்லில் இருந்து கொண்டுவந்த முட்டை அட்டைகளை ஒட்டி, அதைத்தான் ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டோம். பம்பையோடு கிடார் சேர்த்து அவரே எழுதிய பாட்டுகள் ஒன்பது. மூன்று வருடத்தில் எங்கள் பக்கத்தைத் தொடர்ந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

இந்தப் பக்கத்தில் சில குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால், அந்த வீட்டில் இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டுக் கூப்பிடுவார்கள். நீர்க்கரையில் நின்று பம்பை அடித்துப் பாடினால், அங்கே இருக்கிற பெண்களில் ஒருத்திமேல் அவள் வந்து இறங்குவாள். என்ன குறை என்று கேட்பார்கள். குறையைத் தீர்த்து, கற்பூரம் காட்டி, மலையேறச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கூப்பிடுவது, கேட்பது, அனுப்புவது. மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு பாட்டு.

மாப்பிள்ளை பெயர் மணிமாறன். அவனுடைய அக்கா தேவிப்ரியா பத்தொன்பது வயதில் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்தவள். தாயார் அத்தாயி கிணற்று மேட்டில் கைகட்டி நின்றார். அழவில்லை.

கோகுல் பாடினார்.

"ஈரத்தலை காயும் முன்னே எழுந்து வாடியம்மா... தேவிப்ரியா, வந்துட்டியா?"

மூன்றாவது தடவை கேட்டபோது அவளுடைய சித்தி ஒருத்தி சரிந்து உட்கார்ந்து, சின்னக் குரலில், "வந்துட்டேன்" என்றாள். மரிக்கொழுந்து வாசம் அடித்தது. அதோடு பாசி பிடித்த தண்ணீர் வாசமும். என்ன குறை என்று கேட்டதற்கு, தலை துவட்ட ஒரு துண்டு வேண்டும் என்றாள். அத்தாயி ஓடிப்போய்த் துண்டு எடுத்துவந்து தங்கச்சியின் தலையைத் துவட்டினார். கற்பூரம் காட்டினார்கள். சித்தி எழுந்து காபி கேட்டாள்.

எல்லாம் முறைப்படி முடிந்தது. வீடியோ போட்டுக்கொள்ளலாமா என்று மணிமாறனைக் கேட்டேன். தாராளமாகப் போடுங்க, என்னை டேக் பண்ணுங்க என்றான்.

தப்பு அன்றைக்கு அங்கே நடக்கவில்லை. மறுநாள் என் போனில் நடந்தது.

பாட்டைக் கேட்கவைப்பது எப்படி என்று நான் மூன்று வருடமாகப் படித்துவைத்திருந்தேன். முதல் மூன்று விநாடியில் ஆளை நிறுத்த வேண்டும். முழுப் பாட்டைப் போடக் கூடாது, துண்டு போட வேண்டும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் இரண்டு முனையையும் இணைத்துவிட்டால், பார்க்கிறவர் தன்னையறியாமல் நாலு தடவை பார்ப்பார். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் எல்லாக் கமெண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பதினான்கு விநாடி வெட்டினேன். "வந்துட்டியா?" என்ற கேள்வியில் முடித்தேன். பதில் வருவதற்குள் வீடியோ மறுபடி "ஈரத்தலை காயும் முன்னே" என்று தொடங்கிவிடும். இணைத்த இடம் எனக்கே தெரியவில்லை. என் கைவேலையிலேயே சுத்தமானது அதுதான்.

கோகுல் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பாதியில வெட்டாத சௌமி. கூப்புட்டா அனுப்பி உடோணும்."

"அது ஊட்டுலீங்க. இது போனு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாலை நாலு மணிக்குப் போட்டேன்.

அன்று ஏழு மணிக்குள் பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். வார முடிவில் ஆறு லட்சம். எங்களைத் தொடர்கிறவர்கள் நாற்பதாயிரத்தைத் தாண்டினார்கள். துபாயிலிருந்து ஒருத்தர், இதைக் கேட்காமல் தூங்க முடியவில்லை தம்பி என்று எழுதினார். அதற்கு நான் இரண்டு கைகூப்பும் படம் போட்டேன்.

எங்கள் மகள் யுவஸ்ரீக்கு நாலு வயது. புதுச்சத்திரத்துக்கு அவளை நாங்கள் கூட்டிப்போகவில்லை. பக்கத்து வீட்டில் விட்டுப் போயிருந்தோம்.

மூன்றாவது நாள் பகல், நான் சோபாவில் உட்கார்ந்து கமெண்டுகளுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். போன் தன்பாட்டுக்குக் கேட்டது. "தேவிப்ரியா, வந்துட்டியா?"

சமையலறையிலிருந்து யுவஸ்ரீ, "வந்துட்டேன்" என்றாள்.

விளையாட்டு என்று நினைத்தேன். கோகுலிடம் சொன்னேன். அதையும் வீடியோ எடுத்துப் போடலாமா என்றுகூட யோசித்தேன். அதை இப்போது மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஐந்தாவது நாள் அவள் தலை ஈரமாக இருந்தது. குளிக்கவில்லை. குழாயடிக்குப் போகவில்லை. வேர்த்திருக்கும் என்று துடைத்தேன். அரை மணி நேரத்தில் மறுபடி ஈரம். தலையணையை மோந்து பார்த்தேன்.

பாசித் தண்ணீர்.

மரிக்கொழுந்து.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிள்ளைக்குத் தலை அதிகமாக வேர்க்கிறது, சிலருக்கு அப்படித்தான் என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்த ஒரு பெண் போனில் அந்தப் பதினான்கு விநாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மடியில் இருந்த யுவஸ்ரீ திரும்பாமலே, "வந்துட்டேன்" என்றாள். என் முந்தானை நனைந்தது.

பத்தாவது நாள் யுவஸ்ரீ என்று கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை.

நான் அழவில்லை. அழ வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. உடம்புக்குள் யாரோ ஸ்விட்சை அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாத்திரம் கழுவினேன். துண்டுகளைக் காயப்போட்டேன். கொடியில் ஒன்பது துண்டு.

வீடியோவை அழித்தேன். அது போகவில்லை. அதற்குள் ஊர் ஊராக அதை இறக்கிவைத்துக்கொண்டு தங்கள் பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். கல்லூரிப் பெண்கள் அந்தக் குரலுக்கு ஈரத்தலையோடு கண்ணாடி முன்னால் வாயசைத்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் எழுதினேன். ஒருத்தி மட்டும் பதில் போட்டாள். பொறாமையா அக்கா என்று.

"முழுப் பாட்டையும் பாடி அனுப்போணும். வேற வழி இல்ல" என்றார் கோகுல். அவர் குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"யாருங்க கேப்பாங்க?"

"கூப்புட்டவங்கதான் கேக்கோணும்."

முதலில் புதுச்சத்திரம் போனேன். கல்யாண வீடு காலியாகிக் கிடந்தது. மணிமாறன் பெண் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தான். உள்ளே நுழையும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. அத்தாயி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு செம்பில் சாய்த்துவைத்த போன். சார்ஜர் செருகியபடி. பதினான்கு விநாடி. மறுபடி பதினான்கு விநாடி.

அது தேவிப்ரியாவின் பழைய போன். கணக்கும் அவள் பெயரிலேயே இருந்தது. அம்மாவுக்கு மாற்றத் தெரியாது, மகனுக்கு மாற்ற மனசில்லை.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் போனை நிறுத்தவில்லை.

"கூப்புட்டா வாராளே சாமி" என்றார். "ஊடெல்லாம் மரிக்கொழுந்து மணக்குது. நான் எப்படி நிறுத்தறது?"

"உங்க பொண்ணு எம் பொண்ணுமேல வாராளுங்க."

போனில் கோகுல் ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டார், வந்துட்டியா என்று.

"நீயும் பெத்தவதான" என்றார் கடைசியில். போனைக் குப்புறப் படுக்கவைத்தார். "பாடச் சொல்லு. முடியறவரைக்கும் நான் ஒக்காந்து கேக்கறேன். நாந்தான அனுப்போணும்."

ஞாயிறு மாலை நாலு மணி. எங்களுக்கு அதிகம் பேர் வருகிற நேரம் அதுதான். முட்டை அட்டைச் சுவருக்கு முன்னால் கோகுல் பம்பையோடு உட்கார்ந்தார். பக்கத்தில் தாம்பாளத்தில் கற்பூரம். யுவஸ்ரீ என் மடியில். முழுப் பாட்டு, நேரலை, கடைசிவரை இருங்கள் என்று இரண்டு நாளாக விளம்பரம் செய்திருந்தேன்.

இரண்டாயிரத்து முந்நூறு பேர் வந்தார்கள்.

அவர் கூப்பிட்டார். இதயக் குறிகள் மழையாகக் கொட்டின. "வந்துட்டியா?" என்று கேட்டார்.

"வந்துட்டேன்" என்றாள் என் மடியில் இருந்தவள்.

பதினைந்தாவது விநாடி. அவர் நிறுத்தாமல் அடுத்த அடிக்குப் போனார்.

ஆயிரத்து எண்ணூறு.

மறுபடி அந்த லைனைப் போடுங்க ப்ரோ என்றது ஒரு கமெண்ட். இழுக்காதீங்க, தூக்கம் வருது என்றது இன்னொன்று.

தொள்ளாயிரம்.

"என்ன கொறைம்மா உனக்கு?" கோகுல் பாட்டை விட்டுவிட்டுச் சாதாரணமாகவே கேட்டார். அவர் கை மட்டும் மெல்ல அடித்துக்கொண்டிருந்தது.

யுவஸ்ரீயின் வாய் திறந்தது. அது நாலு வயதுப் பேச்சு இல்லை.

"தல காயலீங்க."

"துண்டு குடுத்தாங்களேம்மா."

"தொவட்டுறதுக்குள்ள மறுபடி கூப்புடறாங்க."

முந்நூறு. நூற்று நாற்பது.

துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மடி, பாய், தரை. கோகுல் மலையேறும் அடிகளைப் பாடத் தொடங்கினார். அது நீளமான பாட்டு. யாரையும் நிறுத்திவைக்கிற பாட்டு இல்லை.

முப்பது பேர்.

ஒன்பது.

இரண்டு.

ஒன்று.

அந்த ஒன்று யார் என்று தொட்டுப் பார்த்தேன். தேவிப்ரியா. அத்தாயிதான். சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது.

அந்த ஒருத்தருக்காகக் கோகுல் கடைசி அடிவரை பாடினார். கற்பூரம் அணைந்தது. என் கையில் இருந்த துண்டு ஈரம். அதற்குக் கீழே இருந்த தலை காய்ந்திருந்தது.

"அம்மா, பசிக்குது" என்றாள் யுவஸ்ரீ.

நேரலையை முடித்தேன். உடனே போன் அடித்தது. மணிமாறன்.

"அக்கா, ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. நான் இப்பத்தான் ஊட்டுக்கு வந்தேன். நாலு மணிக்கே இங்க கரண்ட் போயிருச்சாம். அம்மா போன்ல சார்ஜும் இல்ல. அம்மாவால ஒண்ணுமே கேக்க முடியல. அழுதுட்டே ஒக்காந்திருக்குது. இன்னொரு நாள் பாடுவீங்களான்னு கேக்கச் சொல்லுச்சு."

போனை வைத்தேன். கோகுலிடம் அன்று இதைச் சொல்லவில்லை.

கடைசிவரை கேட்டவள் அவளேதான். தன்னை அனுப்புகிற பாட்டை இரண்டாயிரம் பேரும் விட்டுப் போன பிறகு, தனியாக உட்கார்ந்து, முழுசாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

பதினோரு நாள் ஒன்றுமில்லை. யுவஸ்ரீ என்றால் திரும்பினாள். சண்டை போட்டாள். சுவரில் கிறுக்கினாள். எங்கள் பக்கத்தையே அழித்துவிட்டோம். கோகுல் பம்பையைத் துணி சுற்றிப் பரண்மேல் வைத்தார்.

பன்னிரண்டாவது நாள் பரமத்தி வேலூரில் ஒரு காதுகுத்து. நாமக்கல்லில் இறங்கி பஸ் மாறினோம். காலை பதினோரு மணி, ஜன்னலோரம் வெயில். யுவஸ்ரீ என் மடியில் தூங்கிவிட்டாள். கோகுல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாழைத்தோட்டங்கள் வரத் தொடங்கின. காற்றில் அவள் முடி பறந்து என் கன்னத்தில் பட்டது. காய்ந்த முடி. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பின் சீட்டில் யாரோ போனைத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். ஒரு சினிமா வசனம். ஒரு சமையல். ஒரு சிரிப்பு.

அப்புறம் என் கணவரின் குரல்.

"ஈரத்தலை காயும் முன்னே எழுந்து வாடியம்மா..."

முன்னால் கோகுலின் முதுகு விறைத்தது. அவர் திரும்பவில்லை.

"தேவிப்ரியா, வந்துட்டியா?"

என் மடியில், கண் திறக்காமல்:

"வந்துட்டேன்."

பின்னால் திரும்பிச் சத்தம் போடலாம். போனைப் பிடுங்கி வெளியே எறியலாம். இன்னும் எத்தனை போன். அனுப்பினால் போகிறாள். கூப்பிட்டால் வருகிறாள். அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை.

பஸ்ஸில் மரிக்கொழுந்து மணத்தது. யாரோ பூக்கூடை வைத்திருக்கிறார்களா என்று ஒரு அம்மா சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

என் பையில் எப்போதும் ஒரு துண்டு இருக்கிறது. எடுத்தேன். வழிந்த தண்ணீர் என் முழங்காலைத் தாண்டி, சீட்டுக் கம்பியில் இறங்கி, தகரத் தரையில் சொட்டியது.

துவட்ட ஆரம்பித்தேன்.

பின் சீட்டுக்காரர் வீடியோவை மாற்றவில்லை.