இருபத்து மூன்றாம் எண்

அக்கா கையில் துடைப்பத்தோடு கதவைத் திறந்தாள். "வா, வா. சண்டையை நான் தூசி தட்டிட்டேன். சாமியை நீ பாத்துக்கோ" என்றாள்.

வெளியாள் யாராவது கேட்டிருந்தால் ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது பழைய வேடிக்கை. அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், பத்திரிகைப் புகைப்படக்காரர். நாற்பது வருடம் இரண்டே விஷயங்களின் பின்னால் அலைந்தவர். மனிதர்கள் ஒருவரையொருவர் கொல்வது ஒன்று, மனிதர்கள் கும்பிடுவது இன்னொன்று. நெகட்டிவ்கள் மாடியில் இரண்டு இரும்பு அலமாரிகளில் இருந்தன. ஒன்றுக்குச் சண்டை அலமாரி என்று பெயர், மற்றதற்குச் சாமி அலமாரி. சில பெட்டிகளை எதில் வைப்பது என்று அவருக்கே குழப்பம் வரும். அப்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

அவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஓர் அரங்கத்தார் அவருடைய படங்களில் நாற்பதைக் கண்காட்சியாக வைக்க விரும்பினார்கள். பெரிய பிரிண்டுகள், ஃபிலிமின் கறுப்பு ஓரமும் அதிலுள்ள எண்ணும் தெரியும்படி. அதைப் போட என்னை விட்டால் ஆள் கிடையாது. இருபத்தாறு வருடம் அவருடைய இருட்டறைக்காரன் நான். அவர் உலகம் சுற்றுவார். நான் ஆறடிக்கு எட்டடி அறையில் சிவப்பு விளக்கின் கீழே நின்று அந்த உலகத்தைக் கழுவி எடுப்பேன்.

எங்கள் தொழில் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் எனக்கு நடந்தது புரியாது.

சண்டை நடக்கும் ஊர்களில் முகம் வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு அத்தான் வாக்குக் கொடுப்பார், இந்தப் படம் வெளியே போகாது என்று. ஃபிலிம் காய்ந்து, அதைப் பட்டைகளாக வெட்டியதும் ஓட்டை போடும் சின்னக் கருவியை எடுத்து, அந்தப் படத்துக்குக் கீழே ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணின் மேல் 'டக்' என்று ஓர் ஓட்டை போடுவார். அதற்குப் பிறகுதான் நான் காண்டாக்ட் ஷீட் எடுப்பேன். ஒரு ரோலின் முப்பத்தாறு படங்களும் ஒரே தாளில் சின்னச் சின்னதாகத் தெரியும் தாள் அது. ஓட்டை போட்ட படத்துக்குக் கீழே எண் இருக்காது. எண் இல்லாத படத்துக்குப் பிரிண்ட் கிடையாது. இருட்டில் கூடத் தவறு வராது, ஓரத்தைத் தடவினால் ஓட்டை விரலில் தட்டுப்படும்.

அந்த விரல்தான் என்னைக் கைவிட்டது என்று பத்தொன்பது வருடம் நம்பினேன்.

தூர தேசத்தில் ஒரு வாத்தியார். அங்கே அத்தானுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். நம் மொழியைச் சரளமாகப் பேசுவாராம். தன் மதத்துக்காரர்கள் கொல்லத் தேடிக்கொண்டிருந்த பதினொரு பேரை, தன் மதத்தின் வழிபாட்டுக்கூடத்துக்கு அடியிலிருந்த அறையிலேயே ஒளித்து வைத்திருந்தார். அத்தான் அங்கே போய்ப் படம் எடுத்தார். பதினொரு பேரின் கைகளை மட்டும் எடுத்தார். வாத்தியாரை முதுகுப்பக்கமாக எடுத்தார், இடது முழங்கையில் ஒட்டுப் போட்ட பழைய கோட்டும் கையில் மெழுகுவர்த்தியுமாக. எல்லாம் முடிந்த பிறகு வாத்தியாரே தயங்கித் தயங்கிக் கேட்டாராம். "திரும்பட்டுமா? என் மகளுக்கு ஒரு படம் வேணும். அவளுக்கு மட்டும்."

திரும்பினார். அதுதான் அந்த ரோலின் கடைசிப் படம், இருபத்து மூன்றாம் எண்.

அத்தான் ரோல்களோடு வந்து இறங்கியபோது நான் இரண்டு நாள் தூங்காமல் வேறு வேலையில் இருந்தேன். "கடைசிப் பட்டையில ஓட்டை இல்லாததெல்லாம் போட்டுடு மாப்ளே, பத்திரிகைக்காரங்க வாசல்லயே நிக்கிறாங்க" என்றார். தடவினேன். போட்டேன். காண்டாக்ட் ஷீட்டைப் பார்க்காமலேயே அவரிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் வாத்தியாரின் முகம் அட்டைப்படமாக வந்தது. அதற்கு அடுத்த வாரம் அவரும் அந்தப் பதினொரு பேரும் உயிரோடு இல்லை.

அத்தான் அந்தப் பட்டையை என் கையில் வைத்து, "தடவிப் பாரு" என்றார். ஓட்டை இருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தோளில் கை போட்டு, "விடு மாப்ளே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க அக்காகிட்டகூட. நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். காண்டாக்ட் ஷீட்டும் அன்றைய அவசரத்தில் எங்கோ தொலைந்துவிட்டது என்றார்.

அந்தப் படத்துக்குப் பெரிய விருது கிடைத்தது. என்னை மன்னித்தவர் என்பதால் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். வேறு இடத்தில் நல்ல வேலை வந்தும் போகவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் நழுவிவிடுவேன். பன்னிரண்டு பேரைக் கொன்றவனுக்குக் குடும்பம் ஒரு கேடா?

சரி, இருட்டறைக்கு வருகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். வெளியே நல்ல வெயில். கதவைச் சாத்தி, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மருந்துகளின் காடி நெடி மூக்கில் ஏறியது. நான்கு மாதம் பூட்டிக் கிடந்த அறை என்றே தோன்றவில்லை. இப்போதுதான் யாரோ எழுந்து போன நாற்காலி மாதிரி ஒரு வெதுவெதுப்பு இருந்தது.

முதல் படம் சாமி அலமாரியிலிருந்து. ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று கும்பிடும் கூட்டம். தாளைத் தட்டில் போட்டு மெதுவாக ஆட்டினேன். தலைகள் தெரிந்தன, கைகள் தெரிந்தன. கரையில் ஓர் ஆள் முதுகைக் காட்டி நின்றிருந்தார். அந்தப் படத்தை நூறு தடவை போட்டிருக்கிறேன், அப்படி ஓர் ஆளைப் பார்த்த ஞாபகம் இல்லை. வயசாகிவிட்டது என்று என்னையே கேலி செய்துகொண்டேன்.

இரண்டாவது, சண்டை அலமாரியிலிருந்து. இடிந்த தெருவில் குழந்தையோடு ஓடும் ஒரு பெண். சுவரோரம் அதே முதுகு.

இடது முழங்கையில் ஒட்டு.

இரண்டு படங்களுக்கும் நடுவே பதினெட்டு வருடமும் ஒரு பெருங்கடலும் இருந்தன. நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகத் தேடினேன். சுவர் இருந்தது. சுவரோரம் யாரும் இல்லை.

மூன்றாவது படத்தில் துறவிகளின் வரிசைக்குக் கடைசியில் நின்றார். தலை லேசாகத் திரும்பியிருந்தது. காது தெரிந்தது.

நான்காவதில் கன்னம்.

காடி நெடிக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது.

உருகும் மெழுகு.

ஓடியிருக்கலாம். கதவு நான்கடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் இந்த மனிதருக்குப் பத்தொன்பது வருடமாக நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னைத் தேடி வந்துவிட்டார் என்றால் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இருபத்து மூன்றாம் எண் இருந்த பட்டையை எடுத்தேன்.

டக்.

மேல்தட்டிலிருந்து வந்தது. ஓட்டை போடும் கருவி அங்கேதான் இருந்தது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

"திரும்பட்டுமா?"

காதோரம், ரகசியம் பேசுவது போன்ற குரல். மூச்சுக்காற்று படவில்லை.

"திரும்புங்க" என்றேன்.

பட்டையின் ஓரத்தைத் தடவினேன். ஓட்டை இருந்தது. வெளிச்சம் கொடுத்துத் தாளைத் தட்டில் நழுவவிட்டேன். அந்த முகம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு சுருக்கமும் எங்கே வரும் என்று தெரியும்.

முகம் வரவில்லை.

திரும்பி நின்ற ஒரே படத்தில் அவர் இப்போது முதுகைக் காட்டி நின்றார். மெழுகுவர்த்தி பிடித்த கை மட்டும் பக்கவாட்டில் கீழ்நோக்கி நீண்டிருந்தது. அது காட்டிய இடத்தைப் பார்த்தேன். கறுப்பு ஓரத்தில், ஓட்டையின் வட்டம் விழ வேண்டிய இடத்தில், ஏதோ வெள்ளையாக எழுந்து வந்தது.

23.

ஓட்டைக்குள் எண் எப்படி வரும்? தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லாத எண்ணைப் பிரிண்ட் போட முடியாது. ஆனால் நான் இந்தப் படத்தை முதன்முதலில் போட்ட அன்று அந்த எண் அங்கே முழுசாக இருந்திருந்தால்?

தாளைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். அக்கா அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த வாத்தியார் ரோல் இருக்கே, அதோட காண்டாக்ட் ஷீட் எங்க?"

"அதுதான் தொலைஞ்சு போச்சேடா" என்றாள், திரும்பாமல்.

"அது தொலைஞ்சது உனக்கு எப்படித் தெரியும்?"

வடிகட்டி அந்தரத்தில் நின்றது.

"நான் உன்கிட்ட சொன்னதே இல்ல. அத்தானும் உன்கிட்டகூட சொல்ல மாட்டேன்னாரு."

அவள் டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. துணிகளுக்கு அடியில் பழுப்பு உறைக்குள் இருந்த தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "கிழிச்சுப் போடுன்னு கொடுத்தாரு. எனக்குக் கை வரல."

பார்த்தேன். முதல் பட்டைகளில், வேறு இடங்களில் எடுத்த சில முகங்களுக்குக் கீழே எண் இல்லை. அந்த முகங்களுக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றியிருந்தார். கடைசிப் பட்டையில் வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே 23 பளிச்சென்று இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். பக்கத்தில் அத்தானின் கையெழுத்து: 'அட்டைக்கு இது.'

"ஓட்டைய எப்ப போட்டாரு?"

"சாவுச் செய்தி வந்த அன்னிக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பாட்டு மேசையில உக்காந்து. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"அவருக்குப் பேரு இருந்துச்சுடா. அது போயிருந்தா மனுஷன் உடைஞ்சிருப்பாரு. கெட்டுப்போக உனக்கு என்ன பேரு இருந்துச்சு? நீ தாங்கிப்பேன்னு நெனச்சோம்."

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நினைத்திருக்கிறார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்து அவர்கள் கையால் சாப்பிட்டு, வாத்தியாரை எண்ணித் தூங்காமல் கிடந்த காலமெல்லாம் அந்தத் தாள் துணிகளுக்கு அடியில் மடிப்புக் கலையாமல் இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

"கண்காட்சி முடியட்டும்டா. செத்தவரை விட்டுடு" என்று கையைப் பிடித்தாள்.

"செத்தவங்க பன்னிரண்டு பேரு, அக்கா" என்றேன். கையை விலக்கிக்கொண்டேன்.

மேலே போனபோது தண்ணீரில் கிடந்த பிரிண்டில் வாத்தியார் திரும்பியிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அதை நான் கண்காட்சிக்குக் கொடுக்கவில்லை. உறையில் போட்டு அவருடைய மகளுக்கு அனுப்பினேன், அவளுக்கு மட்டும். அரங்கத்தில் அந்த இடத்தில் காண்டாக்ட் ஷீட்டை மாட்டினேன். முகத்தின் மேல் ஒரு துண்டுக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தேன், எண்ணும் சிவப்பு வட்டமும் தெரிந்தன. கீழே நான்கு வரி எழுதி வைத்தேன். வந்தவர்கள் படித்தார்கள். பத்திரிகைகளும் எழுதின. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகு எந்தப் பிரிண்டிலும் வாத்தியார் வரவில்லை.

போன மாதம் அக்கா வேறொருவர் மூலம் ஒரு நெகட்டிவ் அனுப்பியிருந்தாள். அத்தானின் படம். கூடத்தில் மாட்டியிருந்தது மங்கிவிட்டதாம், புதிதாக ஒன்று வேண்டுமாம். எவ்வளவு கசப்பு இருந்தாலும் அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. அது நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம், நானே எடுத்தது.

தட்டில் முதலில் தோள்பட்டை வந்தது. பிறகு கேமரா வார். பிறகு பிடரி.

வேறு தாளில் போட்டேன். மறுநாளும் போட்டேன். வழுக்கை விழுந்த அந்தப் பின்னந்தலையை எனக்கு நன்றாகத் தெரியும்.

டக்.

"மாப்ளே…"

சுவருக்கும் எனக்கும் நடுவில் இடமே இல்லை. குரல் அங்கிருந்துதான் வருகிறது.

"மாப்ளே, திரும்பட்டுமா?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று காலை போட்ட பிரிண்டில் காது தெரிகிறது.