ஆறாயிரம் பேருக்கு நன்றி

வில்லையின் மேல் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடி, ‘நன்றி, நன்றி’ என்று தமயந்தி நினைத்துப் பார்த்தாள். உணர்மானியின் முள் மஞ்சளுக்கு வரவில்லை. மஞ்சள் என்றால் நன்றி. முள் கருநீலத்தில் போய் நின்றது. கருநீலம் என்றால் அவமானம்.

கடிதத்தை யாரும் நம்பாத காலம் அது. கண்ணீர் வரும்படி எழுதப் பொறிகள் இருந்தன. ‘நன்றி’ என்று ஒரு வரி வந்தால், எந்தப் பொறி எழுதியது என்றுதான் முதலில் கேட்டார்கள். அதற்கு மாற்றாகத் தமயந்தி கண்டுபிடித்தது தொடுவில்லை. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். பத்து விநாடி அழுத்தினால் அழுத்துகிறவரின் நாடித்துடிப்பும் வியர்வையும் நரம்பு அதிர்வும் உள்ளே உறைந்துவிடும். அதை வாங்கித் தொடுகிறவர் உடம்பில் அதே உணர்வு ஒரே ஒரு முறை எழும். பிறகு வில்லை செத்துவிடும். பொய்யாக அழுத்த முடியாது, அதுதான் அதன் பெருமை.

அதைத் தயாரிக்கப் பொதுமக்களிடம் கூட்டுநிதி கேட்டு இணையத்தில் அறிவித்தபோது இவள் வாய் சும்மா இருந்ததா? “ஆதரவு தரும் ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே அழுத்திய நன்றி வில்லை வீடு தேடி வரும்” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஐந்நூறு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தாள். ஆறாயிரத்து இருநூறு பேர் வந்தார்கள்.

முதல் முந்நூறு நன்றாகத்தான் போனது. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்தினாள், முள் மஞ்சளிலேயே நின்றது. அதற்கப்புறம் எரிச்சல் வந்தது. ‘எப்படா முடியும்’ என்ற எரிச்சல். ஒருவர், பேச்சிழந்து கிடக்கும் தன் மனைவியின் மனதைத் தொட்டுப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தார். அதைப் படித்தும் இவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று கூசிப்போனாள். அந்தக் கூச்சம்தான் அடுத்த வில்லையில் உறைந்தது. அதற்கடுத்ததிலும் அதுவேதான்.

அனுப்புவதாகச் சொன்ன தேதி ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. ஆதரவாளர்கள் பக்கத்தில் வசவு குவிந்துகொண்டிருந்தது. தமயந்தி உணர்மானியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மிச்சம் அத்தனையையும் மூன்று வாரத்தில் அழுத்தி முடித்தாள். பிரித்துத் தொட்ட மறுவிநாடியே ஆறாயிரம் பேரும் தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பெட்டியில் அடுக்கினாள்.

அடுக்குவதற்குத் துணையாக இருந்தவள் மயிலாத்தா. ஐம்பது வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருபது வருடம் பேக்கிங் பார்த்தவள். காளப்பட்டியில் தமயந்தி இந்த வேலைக்காக ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்த அன்றே வேலைக்கு வந்துவிட்டாள். பெட்டிகளை ஏற்றிப்போக வண்டி வந்து வாசலில் நின்றபோது ஒரு பெட்டியைப் பிரித்தாள்.

“அக்கா, அதை எதுக்குப் பிரிக்கறீங்க?”

“செக்கிங் இல்லாம நான் எந்த லாட்டையும் ஏத்துனதில்லீங்க அம்மிணி. நூறு பீசுக்கு ஒன்னு பாத்தே ஆகோணும்.”

தடுப்பதற்குள் கட்டைவிரலை வைத்துவிட்டாள். தொலைந்தது, வசமாக மாட்டிக்கொண்டோம் என்று தமயந்தி நினைத்தாள். மயிலாத்தாவின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

“அம்மிணி, ஒன்னு சொல்லோணும். கம்பெனில ஒரு லாட்டுக்குச் சைஸ் லேபிள மாத்தி வெச்சது நானுங்க. பழி எங்கூட வேல பாத்த பாக்கியத்து மேல விழுந்து, அவ வேல போச்சு. நான் வாயத் தொறக்கல. அவளுக்கு ஆறுதல் சொன்னதும் நாந்தான். பதினாலு வருசமா எனக்கு இது உறுத்துனதே இல்லீங்க. இப்ப என்னமோ மானமே போற மாதிரி இருக்குது.”

தமயந்திக்கு அப்போதுதான் புரிந்தது. சோதனைக்காலத்தில் சந்தோஷத்தையும் பிரியத்தையும் மட்டுமே தொட்டுப் பார்த்திருந்தார்கள். தொட்டவர்கள் சிரித்தார்கள், அது யாருடைய சிரிப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. உடம்பில் எழுகிற எதையும் மனது தன்னுடையதாகவே எடுத்துக்கொள்கிறது, அதற்கு ஒரு காரணத்தையும் தேடிக்கொள்கிறது. அந்த அவமானம் மயிலாத்தாவுடையது அல்ல, தன்னுடையது. அதை அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும்.

“தண்ணி குடிங்கக்கா” என்றாள்.

அப்பாடா, யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை! இப்படித் தோன்றியதுமே அவளுக்குத் தன் முகத்தில் தானே காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனாலும் வண்டி கிளம்பியது.

பத்து நாளில் கடிதங்கள் வந்தன. புகார் ஒன்றுகூட இல்லை. தாமதத்துக்காகத் திட்டியவர்கள் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். கரூரிலிருந்து ஒருவர், “உங்கள் நன்றி அவ்வளவு தூய்மையாக இருந்தது, நான் எவ்வளவு அற்பன் என்று காட்டிவிட்டது” என்று எழுதியிருந்தார். ஒரு பெண் எட்டு வருடம் கழித்துத் தங்கையிடம் பேசினாளாம். ஒருவர் பழைய துரோகத்தை மனைவியிடம் ஒப்புக்கொண்டு, இப்போது விடுதியில் தங்கியிருந்தார். அவரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். புது ஆர்டர்களும் வந்தன. “என் அண்ணனுக்கும் ஒன்று அனுப்புங்கள், அவனுக்கும் உறைக்கட்டும்” என்று ஒருத்தி கேட்டிருந்தாள். ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்கத் தமயந்தி கூனிக்குறுகினாள்.

அந்தச் சமயத்தில் மயிலாத்தா மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் காலை வந்தபோது கண் உள்ளே போயிருந்தது.

“பல்லடம் போயி பாக்கியத்துகிட்டச் சொல்லிட்டனுங்க. என் புள்ளைக்கும் அவ பையனுக்கும் தை மாசம் கல்யாணம் வெச்சிருந்தோமுல்ல? நின்னு போச்சுங்க. வாசப்படி மிதிக்காதேன்னுட்டா. எம் புள்ள எங்கூடப் பேசறதில்ல.”

இனியும் பூசி மெழுக முடியாது. தமயந்தி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“அக்கா, அன்னைக்கு நீங்க தொட்ட வில்லையில இருந்தது என்னோட அவமானம். நன்றியே வராம அழுத்தினேன். அது உங்களோடது இல்லக்கா.”

“இது அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் தண்ணி குடிக்கச் சொன்னீங்களா?”

மயிலாத்தா தட்டிலிருந்து வெற்று வில்லை ஒன்றை எடுத்தாள். பத்து விநாடி அழுத்தி மேசையில் வைத்தாள்.

“வாயில சொல்லப் போனா எனக்கு அழுகதான் வரும். இதத் தொட்டுப் பாருங்க.”

வரப்போவது மயிலாத்தாவின் உணர்வு என்று தமயந்திக்குத் தெரியாதா என்ன? அந்த வில்லையைப் படைத்தவளே அவள்தானே. தொட்டாள். காது கொதித்தது. பல் நறநறவென்றது.

“யாருக்கா உங்கள அங்க போய் உளறச் சொன்னது?” என்று கத்தினாள். “பதினாலு வருஷம் மூடிட்டு இருந்தீங்கல்ல? அப்படியே இருந்து தொலைக்க வேண்டியதுதானே! இப்ப வந்து என் தலையில பழியைப் போடறீங்களா?”

கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது. வில்லை செத்தது, கோபமும் இறங்கிப்போனது. தமயந்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மயிலாத்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றாள்.

“அது என்னோட கோவமுங்க, அம்மிணி. அதுக்கு உங்களுக்குக் காரணம் எங்கிருந்து கெடச்சுது?”