மூடினால் நடுங்கும் விமானம்

மனித குலம் வானத்தை வென்ற வரலாற்றில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தனி இடம் உண்டு. சித்தப்பா அப்படித்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே ரிமோட்டில் வாலைத் திருப்பிப் பார்த்தார்; உடனே அவருடைய விமானத்தின் இறக்கை மழையில் நனைந்த கோழி மாதிரி வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது.

"அது காத்து," என்றார் சித்தப்பா.

காற்றே இல்லை. மைதானத்து ஓரத்து மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. சுண்டு அதைக் கவனித்தாள்.

சுண்டு, சித்தப்பாவின் அண்ணன் மகள். வயது பத்து. சித்தப்பா பல் டாக்டர். பல் பிடுங்கிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இந்த விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ரிமோட்டில் பறக்கும் விமானம்தான். ஆனால் பொம்மை என்று யாராவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இறக்கையைப் பொருத்திப் பார்க்க கூடத்தில் இடம் போதாமல் கட்டில் வாசலுக்குப் போனது. சித்தியும் அதிலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

விமானத்தின் வாலையும் இறக்கை மடிப்புகளையும் அசைப்பவை சர்வோ மோட்டார்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான். ரிமோட்டில் 'வலது பக்கம்' என்று சொன்னால் வால் வலது பக்கம் திரும்பும். அத்தனை மோட்டார்களுக்கும் சோறு போடுவது ஒரே ஒரு பேட்டரி.

சோதனைக்கார அம்மா வந்தார். மாதிரி விமான மன்றம் வருஷத்துக்கு ஒரு தடவை நடத்தும் பறக்கும் விழாவில் அவர் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால்தான் எந்த விமானமும் மேலே போக முடியும்.

"வாலைத் திருப்புங்க," என்றார்.

சித்தப்பா திருப்பினார். வால் திரும்பியது. உடனே இறக்கை மடிப்புகள் வெடவெடத்தன.

"இப்படி ஆடினா மேல போய் யார் தலையில விழும்னு சொல்ல முடியாது. சரி பண்ணிட்டு வாங்க. மதியம் இன்னொரு தடவை பாக்கறேன். அப்பவும் ஆடினா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம். சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. வரும் வழியெல்லாம் முறுக்கிக்கொண்டே வந்த மீசையை அவர் அதற்குப் பிறகு தொடவே இல்லை. சுண்டுவுக்குப் பாவமாக இருந்தது.

உடனே உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். மன்றத்தில் உதவிக்கு ஆள் பஞ்சமே கிடையாது. முதலில் பேட்டரி அண்ணன். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் பேட்டரிதான் காரணம் என்பது அவர் கட்சி. அடுத்து ரேடியோ மாமா. அவருக்கு எல்லாமே சிக்னல் கோளாறு.

"பேட்டரி செத்துப்போச்சு டாக்டர்," என்றார் பேட்டரி அண்ணன்.

"பேட்டரி நல்லா இருக்கு. சிக்னல்தான் உதைக்குது," என்றார் ரேடியோ மாமா.

சித்தப்பா விமானத்தின் மேல்மூடியைக் கழற்றினார். கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளக்கும் பிளாஸ்டிக் மூடி அது. உள்ளே ஒயர்கள், பேட்டரி, எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு பொம்மை விமானி. விமானிக்குத் தொப்பி, கழுத்தில் துணி, அச்சு அசல் சித்தப்பாவின் மீசை. மீசையை சித்தப்பாவே பல் செட் செய்கிற பொருளில் வார்த்து, கறுப்பு அடித்திருந்தார். வால் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கம் விமானியும் கம்பீரமாகத் திரும்பிப் பார்ப்பார்.

"தலைக்கும் இறக்கைக்குப் போட்ட அதே பெரிய மோட்டார்தான்," என்றார் சித்தப்பா, அந்தக் கவலையிலும். "என் தலைக்குச் சின்ன மோட்டார் போட்டா நல்லாவா இருக்கும்?"

பேட்டரி அண்ணன் மீட்டரை வைத்தார். "இப்ப வாலைத் திருப்புங்க."

வால் திரும்பியது. விமானி திரும்பினார். இறக்கை அசையாமல் நின்றது. மீட்டரில் ஒரு குறையும் இல்லை.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரியாயிடுச்சு," என்றார் சித்தப்பா. மூடியை மாட்டி வாலைத் திருப்பினார். வெடவெட.

கழற்றினார். நடுக்கம் இல்லை. மாட்டினார். வெடவெட.

"என்னய்யா இது, டாக்டரைப் பாத்ததும் பல்வலி போற மாதிரி?" என்றார் ரேடியோ மாமா.

"எங்கிட்ட வர்றவங்களுக்கு அப்படிப் போறதில்ல," என்றார் சித்தப்பா. அது அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

பேட்டரியை மாற்றினார்கள். அதே கதை. ஒயரை மாற்றினார்கள். அதே கதை. ரேடியோ மாமா ஏரியலை வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்தார். அதே கதை. கடைசியில் பேட்டரி அண்ணன் சிக்னல்தான் என்றும், ரேடியோ மாமா பேட்டரிதான் என்றும் சண்டை போட ஆரம்பித்தார்கள். யார் எந்தக் கட்சி என்பதே சுண்டுவுக்குக் குழம்பிவிட்டது. அவர்களுக்கும்தான்.

சுண்டு புல்லில் உட்கார்ந்து யோசித்தாள். இவர்கள் எல்லாரும் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் தேடுகிறார்கள். ஆனால் மூடி இருக்கும்போதுதானே வியாதி வருகிறது? அப்படியென்றால் மூடி இருக்கும்போது அல்லவா பார்க்க வேண்டும்?

"சித்தப்பா, உங்க டார்ச்சைக் கொஞ்சம் குடுங்க."

வாய்க்குள் அடித்துப் பார்க்கிற குட்டி டார்ச் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். சித்தப்பா மூடியை மாட்டினார். சுண்டு கறுப்புப் பிளாஸ்டிக்கில் டார்ச்சை அழுத்தி வைத்து, கண்ணையும் ஒட்டி வைத்தாள். உள்ளே மங்கலாகத் தெரிந்தது.

"வாலைத் திருப்புங்க."

விமானி தலையைத் திருப்பினார். பாதி திரும்பியதும் நின்றுவிட்டார். மீசையின் நுனி மூடியின் பக்கவாட்டில் 'டக்' என்று முட்டியது. அதற்கு மேல் போக முடியவில்லை. ஆனால் மோட்டார் விடவில்லை. 'உய்ய்ய்' என்று முக்கிக்கொண்டே இருந்தது.

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பினால், ரேடியோ மாமாவும் பேட்டரி அண்ணனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கார அம்மாவும் தூரத்தில் வந்துகொண்டிருந்தார். சித்தப்பா ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

சுண்டு சிரிப்பை விழுங்கிவிட்டாள். சித்தப்பாவின் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப் போனாள்.

"சித்தப்பா, ஒரு மோட்டார் போக முடியாம எதுலயாவது முட்டிக்கிட்டு நின்னா என்ன ஆகும்?"

"அதுவா? இருக்கிற கரண்ட்டையெல்லாம் அதுவே குடிச்சிடும். மத்த மோட்டாருக்குப் பத்தாம எல்லாம் நடுங்..."

சித்தப்பா நிறுத்தினார்.

"எந்த மோட்டார்?"

"விமானி."

"எதுல முட்டுது?"

சுண்டு மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்துக் காட்டினாள்.

சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"தங்கம்," என்றார் சித்தப்பா.

திரும்பி வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மின்னோட்டத்துல ஒரு நுணுக்கமான இடையூறு. கண்டுபிடிச்சாச்சு. எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

"அதைத்தான் நான் அப்பவே சொன்னேன்," என்றார் பேட்டரி அண்ணன்.

"நான் சொன்னதும் அதுதான்," என்றார் ரேடியோ மாமா.

ஒரு துண்டை மறைவாகப் போட்டுக்கொண்டு சித்தப்பா அவசர அவசரமாக விமானியின் தலையைப் பிடுங்கினார். அதன் மோட்டாருக்குப் போகிற ஒயரைக் கழற்றினார். தலையைப் பழைய இடத்தில் அழுத்திவிட்டு, மூடியை மாட்டினார்.

சோதனைக்கார அம்மா வாலைத் திருப்பச் சொன்னார். இறக்கையைத் தூக்கச் சொன்னார். எல்லாவற்றையும் ஒன்றாக அசைக்கச் சொன்னார். ஒரு நடுக்கமும் இல்லை. பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்.

விமானம் பறந்தது. மரத்துக்கு மேலே எழும்பி, வட்டம் போட்டு, பஞ்சு மாதிரி வந்து இறங்கியது. மைதானமே கைதட்டியது. சித்தப்பாவின் விரல்கள் தானாக மீசைக்குப் போயின.

"பக்கத்துல நின்னு ஒரு போட்டோ," என்றார் சோதனைக்கார அம்மா. "மூடியைத் திறங்க, விமானியும் தெரியட்டும்."

சித்தப்பா சுண்டுவையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கம்பீரமாக மூடியைத் திறந்தார்.

விமானியின் தலை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.